சொல்லாத இருபது நாள்

டி.வி.யில் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு நிற்கிற இரண்டு பேரும் விவாதத்துக்கு வந்து, கைகூடக் கொடுத்துக்கொள்ளாமல் ஆளுக்கொரு மேஜைக்குப் பின்னால் போய் நின்றபோது பாளையங்கோட்டையில் காலை மணி ஆறரை. அருமைநாயகம் காப்பித் தம்ளரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாரே தவிர டி.வி.யைப் பார்க்கவில்லை, மடியில் கிடந்த செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இன்னும் ஒருத்தரும் வாயே திறக்கவில்லை, அதற்குள் போன் இரண்டு தடவை துள்ளிவிட்டது. மகன் ஜெபின் டாலஸிலிருந்து தன் கட்சி நிறத்தில் ஒரு சிவப்புக் கொடியைப் போட்டிருந்தான். மகள் எப்சி நியூ ஜெர்சியிலிருந்து கொட்டாவி விடுகிற முகம் ஒன்றைப் போட்டிருந்தாள். அண்ணனும் தங்கையும் பேசிப் பத்து மாதம் ஆகிறது. போன கிறிஸ்துமஸுக்கு ஜெபின் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் இதே அரசியல் பேச்சில் ஆரம்பித்து, அது எங்கெங்கோ போய், எப்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனதோடு சரி. அதற்குப் பிறகு இந்த ‘நம்ம குடும்பம்’ குரூப் ஒன்றுதான் அவர்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருக்கிற இடம், அங்கேயும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஒன்று கொடி, ஒன்று செய்தித் துணுக்கு, ஒன்று சிரிக்கிற முகம். அடுக்களையில் தேங்காய் திருகிக்கொண்டிருந்த ரத்தினபாய் “ஆரம்பிச்சாச்சா?” என்று கேட்டாள். ஆரம்பிச்சாச்சு என்றார். அவள் கேட்டது டி.வி.யைப் பற்றி, வேறு எது ஆரம்பித்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, தெரியக்கூடாது என்றுதானே இருபது நாளாக ஒரு வாயை வைத்துக்கொண்டு அவர் படாத பாடு படுகிறார். சிவப்பு டை கட்டினவர் பேசத் தொடங்கினார், நல்ல கனத்த குரல், ரத்தினபாயின் ஜெபக்குழுவில் அவருக்காக உபவாசம்கூட இருந்தார்கள், கர்ப்பத்தில் இருக்கிற பிள்ளைகளுக்காகப் பேசுகிறார் என்று. நீல டை கட்டினவர் சின்ன உருவம், பேசும்போது விரலை விரலை மடக்குகிறார், அவரைக் கண்டாலே ரத்தினபாய்க்கு ஆகாது. அருமைநாயகத்துக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். இரண்டு பேரும் ஒன்றுதான் என்று அவர் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

அறுபது நாள். அதில் நாற்பத்து நான்கு போய்விட்டது, மிச்சம் பதினாறு. டி.வி.யில் விலைவாசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், கோதுமை, பெட்ரோல், அதெல்லாம் அவர் காதில் விழுந்து வழிந்துகொண்டிருந்தது, உள்ளே பதினாறு பதினாறு என்று மட்டும் ஓடியது. இருபது நாளைக்கு முன்னால், ரத்தினபாய் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், எப்சி கூப்பிட்டாள். எடுத்த எடுப்பிலேயே “அம்மா பக்கத்துல இருக்காங்களாப்பா?” என்று கேட்டாள். மருமகன் ஐசக்குக்கு வேலை போய்விட்டது. மொத்தமாக நூற்றுக்கணக்கான பேரை ஒரே நாளில் அனுப்பிவிட்டார்களாம், காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் உள்ளே போக முடியவில்லையாம். வேலை போன நாளிலிருந்து அறுபது நாளைக்குள் வேறு ஒரு கம்பெனி அவனை எடுத்து மனுப் போட வேண்டும், இல்லாவிட்டால் மூன்று பேரும் கிளம்ப வேண்டியதுதான். பிள்ளை அங்கே பிறந்தவள், அவளை யாரும் போகச் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஆறு வயதுப் பிள்ளை தனியாக எங்கே இருக்கும். பதினாலு வருஷமாக கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிறான் ஐசக். “அண்ணன்ட்ட சொல்லாதீங்கப்பா. அம்மாட்ட சொன்னா அண்ணன்ட்ட சொன்ன மாதிரிதான். ரெண்டு பேருக்கும் வேண்டாம்.” ஏன் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கிறிஸ்துமஸ் மேஜையில் ஜெபின் என்ன சொன்னான் என்று அவருக்குத் தெரியும், முறையா வரிசையில நிக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, குறுக்கால வாரவனுக்குத்தான் பயம் என்றானாம். அவன் வரிசையில் எத்தனை நாள் நின்றான்? டாலஸிலேயே பிறந்த பிள்ளையைக் கட்டினான், நாகர்கோவிலிலிருந்து அந்தக் காலத்திலேயே போய்விட்ட குடும்பம், மூன்றே வருஷத்தில் கையில் அமெரிக்கப் பாஸ்போர்ட். இதை அன்றைக்கு ஐசக் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம். எப்சிதான் எழுந்தாள். போன் துள்ளியது. நீல டை விலைவாசிக்குச் சொன்ன கணக்குத் தப்பு என்று ஜெபின் ஒரு படம் போட்டிருந்தான். அதற்கு எப்சி, உங்க ஆளு சொன்ன ஆறுல அஞ்சு பொய் என்று எழுதினாள். ஜெபின் சிரிக்கிற முகம். எப்சி ஒரு நத்தை. நத்தைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரியவில்லை, ஆனால் அவள் விளையாடுகிறாள், சண்டை போடுகிறாள், அப்படியென்றால் தைரியமாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ள முயன்றார். பதினாறு நாள் மிச்சமிருக்கிற ஒருத்தி நத்தைப் படம் தேடிப் போட்டுக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் ஐசக் எப்படி உட்கார்ந்திருப்பான், மடியில் கம்ப்யூட்டரா, வெறும் கையா.

ஜெபினிடம் சொல்லியிருக்கலாம். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவர் மனசு, கரண்டு கம்பி கிட்டே போன மாதிரி, தொடாமலே பின்னால் வந்துவிடும். முப்பத்தொரு வருஷம் மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர், எதைத் தொடக்கூடாது என்று உடம்புக்கே தெரியும். ஜெபினின் மாமனார் எட்வின் டாலஸில் ஒரு கம்பெனி வைத்திருக்கிறார். சாப்ட்வேர் ஆட்களை எடுத்து மற்ற கம்பெனிகளுக்கு அனுப்புகிற கம்பெனி, எடுக்கிறவர்களுக்கு விசாவுக்கு மனுப் போடுவதுதான் அவர்கள் தினப்படி வேலையே. ஒரு வார்த்தை போதும். ஜெபின் அவன் மாமனாரிடம் ஒரு வார்த்தை, மாமனார் அவர் ஆபீஸில் ஒரு வார்த்தை. இது அவருக்கு எப்சி போனை வைத்த அந்த நிமிஷமே தோன்றியது, முதலில் தோன்றியதே அதுதான். எப்சி சொல்லாதீங்க என்றாள், சத்தியம் மாதிரிக் கேட்டாள், பெற்ற பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு, அதனால் சொல்லவில்லை. அதனால்தான் சொல்லவில்லை. சரி, அப்படியானால் போன செவ்வாய்க்கிழமை, ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினவர், முருகன்குறிச்சி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஏன் போனார்? ஆபீஸில் இருந்த அம்மாவிடம், வருஷ நடுவில் ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்ப்பீர்களா, வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளை, தமிழ் பேசும் ஆனால் எழுத வராது என்று ஏன் விசாரித்தார்? ‘சும்மா தெரிஞ்சுக்கிடலாம்னு’ என்றார் அந்த அம்மாவிடம். அந்த அம்மா ஒரு விண்ணப்பத்தாளைக் கொடுத்தாள். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்து வரும்போது அவர் மெல்லப் பாடிக்கொண்டு வந்தார், சர்ச்சில் பாடுகிற ஞானப்பாட்டு ஏதோ ஒன்று, பாடுகிறோம் என்று தெரிந்ததும் நடுரோட்டில் நின்றுவிட்டார். பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனான். ஏன் பாட்டு வந்தது? பேத்தி ஜோவியை அவர் நேரில் பார்த்தது ஆறு வருஷத்தில் மொத்தம் இருபத்தாறு நாள். ஒரு தடவை, அவ்வளவுதான், அதற்குப் பிறகு விசா முத்திரைக்காக வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களோ என்ற பயத்தில் அவர்கள் வரவே இல்லை. செல்போனில் அந்தப் பிள்ளையின் மூக்கும் நெற்றியும்தான் தெரியும், தாத்தா என்று கூப்பிட்டுவிட்டு எங்கேயோ ஓடிவிடும். இந்த யோசனையை அவர் அங்கேயே நிறுத்தினார். நிறுத்த முடியவில்லை. சிவப்பு டை என்னமோ சொல்லிக் கையை ஓங்கினார், கூட்டம் கைதட்டியது, தான் இப்போது யார் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒரு கேள்வி எழுந்தது.

கேள்வி கேட்கிற அம்மா தாளைப் புரட்டி, அடுத்தது வெளிநாட்டு வேலைக்காரர்கள் என்றாள். அருமைநாயகம் தம்ளரைக் கீழே வைத்தார். இங்கிலீஷ் வேகமாகப் போனால் அவருக்குப் பாதி பிடிபடாது, ஆனால் இது பிடிபட்டது, ஒவ்வொரு சொல்லாகப் பிடிபட்டது. நீல டை சுற்றி வளைத்தார், சமநிலை என்றார், ஆராய வேண்டும் என்றார், ஒரு விரலை மடக்கினார், இரண்டாவது விரலை மடக்குவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. சிவப்பு டை சுற்றி வளைக்கவில்லை. வேலைக்காக வந்தாய், வேலை போய்விட்டதா, அறுபது நாள் எதற்கு, அந்த வாரமே கிளம்பு, உன் இடத்தில் எங்கள் பிள்ளை ஒருத்தன் உட்காருவான். அவ்வளவுதான், நாலே வரி. கூட்டம் எழுந்து நின்று தட்டியது. போன் துள்ளியது. ஜெபின், கைதட்டுகிற கைகள் வரிசையாக, கீழே ‘சரியான பதில்’ என்று தமிழிலேயே எழுதியிருந்தான், அம்மாவும் படிக்கட்டும் என்று. அருமைநாயகம் எப்சியின் பதிலுக்குக் காத்திருந்தார். இதுவரைக்கும் அவன் ஒன்று போட்டால் அவள் ஒன்று போடாமல் விட்டதில்லை. மேலே அவள் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது. எழுதிவிடாதே, எழுதிவிடு, எழுதிவிடாதே என்று அவர் விரல் நுனி அந்தக் கண்ணாடிமேல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அப்போதுதான் அடுக்களையிலிருந்து ரத்தினபாயின் குரல் கேட்டது, அவரோடு பேசுகிற குரல் இல்லை, கொஞ்சம் உரக்க, திருத்தமாக, அவள் போனைப் பிடித்துக்கொண்டு பேசுகிற குரல். “ரொம்பக் கரெக்டாச் சொன்னாரு, ஜெபினு. வேலை இல்லாதவங்களுக்கு அங்க என்ன சோலி? பெட்டியக் கட்டிக்கிட்டு அவங்கவங்க ஊருக்குப் போய்ச் சேர வேண்டியதுதான. இவரைத்தான் ஆண்டவர் எழுப்பியிருக்காரு.” அவர் எழுந்திருக்கும்போது வேட்டி நாற்காலிக் கையில் மாட்டி இழுத்தது. அடுக்களைக்குப் போவதற்குள் அவர் கையிலிருந்த போனே துள்ளிவிட்டது, அவள் குரல் அங்கே போய் உட்கார்ந்துவிட்டது, சின்ன அம்புக்குறியும் பதினோரு விநாடியும்.

“அத அழி,” என்றார். “எத?” “இப்ப பேசிப் போட்டியே, அத அழி.” ரத்தினபாய் தேங்காய்ப்பூ ஒட்டின கையோடு அவரைப் பார்த்தாள். “ஏன், என்ன தப்பாச் சொல்லிட்டேன்? நீங்கதான் எந்தப் பக்கமும் இல்லாத ஆளாச்சே.” அவர் அவள் போனை எடுத்தார், எங்கே அழுத்த வேண்டும் என்று தெரியவில்லை, அழுத்தினால் அந்தக் குரல்தான் திரும்பப் பாடியது, வேலை இல்லாதவங்களுக்கு அங்க என்ன சோலி. இரண்டு நீலக்கோடு விழுந்துவிட்டது. எப்சி கேட்டுவிட்டாள். சொந்தத் தாய் வாயால் கேட்டுவிட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறாள் என்பது இப்போது காட்டவே இல்லை. அவர் போனைத் திட்டில் வைத்தார், அது ஈரத்தில் இருந்தது, மறுபடி எடுத்துத் துடைத்தார். ரத்தினபாய் அடுப்பைத் தணித்தாள். முப்பத்தொன்பது வருஷம் கூடக் குடித்தனம் பண்ணினவள், குரலைத் தணித்துக் கேட்டாள். “என்ன மறைக்கிய?” அவர் சொன்னார். நின்றுகொண்டே சொன்னார், ஐசக், அறுபது நாள், நாற்பத்து நான்கு, பதினாறு. சொல்லச் சொல்ல அது ரொம்பச் சின்ன விஷயமாக, நாலு வரியில் முடிந்துவிடுகிறதாக இருந்தது, இதையா இருபது நாள் சுமந்தோம் என்றிருந்தது. ரத்தினபாய் அழவில்லை. அவள் முதலில் கேட்டது ஐசக்கைப் பற்றி இல்லை. “உங்களுக்கு எப்பத் தெரியும்?” “இருபது நாளாச்சு.” “இருபது நாளா தெரிஞ்சுமா ஜெபின்ட்ட சொல்லல? அவன் மாமனாரு சோலியே அதுதானே.” “அவ சொல்லக்கூடாதுன்னா.” “அவ கோவத்துல சொல்லுவா. பிள்ளைய கையில வச்சிருக்கவ கோவத்துல என்னதான் சொல்ல மாட்டா. உங்களுக்கு புத்தி எங்க போச்சு?” அவருக்குப் பதில் தெரியும். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த அந்தத் தாளை அன்றைக்கே பீரோவில் துணிக்கு அடியில் வைத்தாயிற்று. புத்தி அங்கேதான் போயிற்று என்று எப்படிச் சொல்வது. சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் வாய் கூசியது, அவளுக்கும் அந்த ஆசை இருக்காதா, பேத்தி இந்த வீட்டில் ஓடியாடணும் என்று அவளும்தானே ஜெபம் பண்ணுகிறாள். ஆனால் அவள் ஜெபம்தான் பண்ணினாள். வாயை மூடிக்கொண்டு இருந்து காரியம் பண்ணினது அவர்.

ரத்தினபாய் எப்சியைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அப்புறம் ஜெபினைக் கூப்பிட்டு, அவர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். “ஏம்மா, பாத்தீங்களா, எப்படிப் போட்டாரு பாத்தீங்களா” என்று அவன் சிரித்துக்கொண்டே எடுத்தான். அவன் வீட்டு டி.வி.யின் சத்தமும் இங்கே கூடத்து டி.வி.யின் சத்தமும் சேர்ந்து வந்தன. அங்கே முதலில் பேசி, இங்கே நாலைந்து விநாடி கழித்து, அதே சிவப்பு டை அதே வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னார். “ஏல, அந்த டி.வி.ய அமத்து,” என்றாள். “ஏன்?” “அமத்துங்கேன்லா.” அங்கே சத்தம் நின்றது. அருமைநாயகம் கூடத்துக்குப் போய் இங்கேயும் சத்தத்தைக் குறைத்தார், குறைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார், அடுக்களைக்குத் திரும்பப் போகவில்லை. அவள் சொல்வது கேட்டது. அவளும் நாலே வரியில்தான் சொன்னாள். லைன் அறுந்துவிட்டதோ என்று அவள் இரண்டு தடவை ‘ஜெபினு, ஜெபினு’ என்றாள். “இருக்கேம்மா,” என்றான். “அவ ஏன் என்ட்ட சொல்லல?” “நீ சொல்ல விட்டியால?” என்றாள் ரத்தினபாய், பிறகு, “நானும்தான் விடல” என்றாள். “நான் கூப்பிடுதேன்” என்று அவன் வைத்துவிட்டான். டி.வி.யில் இரண்டு பேரும் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் இல்லாமல் பார்த்தால் இரண்டு பேருமே எதற்கோ பயந்தவர்கள் மாதிரி இருந்தார்கள், ஒருவர் தண்ணீர் குடித்தார், இன்னொருவர் தாளில் எதையோ கோடு போட்டுக்கொண்டே இருந்தார். அண்ணன் கூப்பிட்டு அவள் எடுப்பாளா? எடுத்தால் இவன் என்ன சொல்வான்? அப்பவே சொன்னேன்லா என்று ஆரம்பித்துவிட்டால்? சின்னதில் அவள் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கை கிழிந்து வந்தபோது, மெதுவாப் போன்னு சொன்னேன்லா என்று முதலில் ஒரு அடி போட்டுவிட்டு, அப்புறம்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவன் அவன். அடியும் அவன்தான் போட்டான், ஓடினதும் அவன்தான், எது முதலில் வரும் என்று அவனைப் பெற்றவர்களுக்கே தெரியாது. ரத்தினபாய் அடுக்களையில் முழங்கால் போட்டுவிட்டாள். அவருக்கும் ஜெபம் பண்ண வேண்டும்போல் இருந்தது, கண்ணை மூடினார், என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஐசக்குக்கு வேலை கிடைக்கட்டும் என்று கேட்க உதடு அசைந்தது, உள்ளே ஒன்று அதோடு சேர்ந்து அசையாமல் கல்லாட்டம் இருந்தது. கண்ணைத் திறந்துவிட்டார்.

ஏழே முக்காலுக்கு அவருடைய போன் அடித்தது. ஜெபின். ரத்தினபாய்க்கு இல்லை, அவருக்கு. வாசல் பக்கம் போய் எடுத்தார். “எடுத்தாளால?” “எடுத்தாப்பா.” “என்ன சொன்னா?” “ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் சொல்லல. ரெண்டு பேரும் சும்மாவே போனப் பிடிச்சிட்டு இருந்தோம்.” அவன் மூக்கை உறிஞ்சினான். “அப்புறம் ஐசக் பேசினாரு. சனிக்கிழமை நான் அங்க போறேன்ப்பா, சாமான் கட்ட.” “சாமான் கட்டவா? உன் மாமனாருட்ட ஒரு வார்த்தை...” “கேட்டுட்டேன். இப்பதான் கேட்டேன். போன வாரம் வரைக்கும் ஐசக் பாக்குற வேலைக்கே ரெண்டு பேரு வேணும்னு தேடிக்கிட்டு இருந்தாங்களாம். வெள்ளிக்கிழமைதான் ஆள் எடுத்து முடிச்சாங்க. இனி ஜனவரிக்கு மேலதானாம்.” எதிர்வீட்டில் யாரோ வாளியை இழுத்தார்கள். “வெள்ளிக்கிழமைப்பா,” என்றான் மறுபடியும். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, அப்படி இருந்திருந்தால் தேவலை, புரியாமல் கேட்கிற குரல். “உங்களுக்கு முன்னாடியே தெரியும்லா. நான் எந்தக் கட்சியா இருந்தாலும் அவளுக்கு அண்ணன்தானேப்பா. நீங்களுமா என்ட்ட சொல்லக்கூடாதுன்னு நினைச்சிய?” செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம். வெள்ளிக்கிழமை ஆள் எடுத்தார்கள். நடுவில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் அவர் என்ன செய்தார் என்று யோசித்துப் பார்த்தார், புதன்கிழமை கூரைத்தண்ணீர்க் குழாயைச் சரிபார்த்தார், வியாழக்கிழமை பின் அறையில் கிடந்த பழைய கட்டிலை வெயிலில் போட்டு மூட்டைப்பூச்சி மருந்து அடித்தார். “அவ சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாப்பா,” என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. “சரி,” என்றான் ஜெபின். கொஞ்சம் பொறுத்து, “நான் ஓட்டை மாத்திப் போடப் போறதில்ல. அதையும் அவட்ட சொல்லிட்டேன். மறைச்சு வைக்க வேண்டாம்னு” என்றான். “அதுக்கு என்ன சொன்னா?” “டேப் வாங்கிட்டு வா, இங்க பெட்டிக்கு ஒட்டுற டேப் தீந்துபோச்சுன்னா.”

உள்ளே வந்தபோது டி.வி.யில் மேடை காலியாகி, நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து யார் ஜெயித்தார்கள் என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். ரத்தினபாய் எழுந்து முகம் கழுவியிருந்தாள். “என்னவாம்?” என்றாள். “சனிக்கிழமை அங்க போறானாம்” என்றார். மற்றதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும், இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு ஜெபினே சொல்லிவிடுவான், வெள்ளிக்கிழமை என்று அவளும் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பாள், அவளுக்கு அவன் மாதிரிப் புரியாமல் போகாது. பின் அறைக் கட்டிலைப் பார்த்தால் போதும். அவர் நாற்காலியில் உட்காரப் போகும்போது போன் அடித்தது. எப்சி. இந்தத் தடவை அம்மா பக்கத்தில் இருக்கிறாளா என்று அவள் கேட்கவில்லை. “சொல்லிட்டீங்கல்லப்பா,” என்றாள். “ஆமா.” “நல்லதாப் போச்சுப்பா. நீங்க சொல்லலன்னா நானும் அண்ணனும் பேசியிருக்கவே மாட்டோம்.” அந்தப் பக்கம் பேத்தி ஏதோ கேட்க, எப்சி போனிலிருந்து வாயை எடுத்து, தூங்கு, தாத்தாட்ட பேசுதேன் என்றாள். “பதினாறு நாள்ல ஒண்ணும் ஆகப்போறதில்லப்பா. எனக்குத் தெரியும். அண்ணன் பாவம், அவங்க மாமாட்ட கேட்டுச் சொல்லும்போதே குரல் ஒரு மாதிரி ஆயிட்டு. நாங்க வந்துருவோம்.” “ம்.” “இத்தனை வருஷம் இருந்துட்டு, வெறுங்கையோட வந்து உங்க வீட்டுல உக்காரப் போறோம். அம்மா சொன்ன மாதிரி பெட்டியக் கட்டிக்கிட்டு.” “அம்மாக்குத் தெரியாதும்மா, அவ தெரியாம...” “தெரியும்ப்பா. அத விடுங்க.” மூச்சு வாங்குகிறது கேட்டது. “உங்களுக்குக் கஷ்டமா இருக்காப்பா, நாங்க இப்படி வாரது?”

“இல்லம்மா,” என்றார் அருமைநாயகம்.

தன்னைத் தேற்றத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்து, அவள் அழத் தொடங்கினாள்.